மச்சாளின் காலை வாசகம்

வாசகம் பதியும் ஒலிவாங்கிக்கு மச்சாள் தன் பழைய பருத்திச் சட்டையை வெட்டி ஓர் உறை தைத்திருந்தாள். நீலத் துணியில் சின்ன வெள்ளைப் பூக்கள். "ப" வரும் இடமெல்லாம் மூச்சு மோதி இரைகிறது என்று நான் சொன்னதற்கு, மறுநாளே கொண்டுவந்து மாட்டினாள். மச்சாள் என் கணவரின் தங்கை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது; அவளும் என்னை மச்சாள் என்றே கூப்பிடுவாள்.

நான் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறேன். பூசைக்கு வரமுடியாமல் வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு, தினமும் காலையில் அன்றைய வேத வாசகத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்ப முடியுமா என்று எங்கள் தேவாலயத்துப் பங்குச் சுவாமி கேட்டார். பதிவுசெய்து அனுப்புவதை நான் ஏற்றுக்கொண்டேன். வாசிக்க மச்சாளைத் தவிர வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை. ஞாயிறுகளில் அவள் வாசிக்க எழுந்தால், கடைசி வாங்குப்பலகையில் பிள்ளைகளை அதட்டும் தாய்மார்கூடச் சற்று ஓய்வார்கள். பெரிய குரல் இல்லை. வேலிக்கு மேலால் அயல்வீட்டாரோடு கதைப்பது போன்ற குரல்.

பூசை உடுப்புகள் வைக்கும் அறைதான் எங்கள் பதிவுக்கூடம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க இருப்போம். ஒருமுறை நடு வாசகத்தில் கப்பலொன்று நீளமாக ஊதியது. திரும்பப் பதியலாம் என்று நான் கையை நீட்டினேன்.

"விடுங்கோ மச்சாள், அது கிடக்கட்டும். கப்பல் சத்தம் கேட்டாலாவது, தாங்களும் ஊருக்குள்ளதான் இருக்கிறம் எண்டு அந்தச் சனத்துக்கு இருக்கும்."

தவக்காலத்துக்குச் சற்று முன் அவள் குரல் கரகரத்தது. தடிமன், சளி என்றுதான் நினைத்தோம். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுக்கவேண்டும் என்றார் வைத்தியர். அன்று மாலை மச்சாள் நேரே என்னிடம் வந்தாள்.

"ஒப்பரேசனுக்கு முதல் உயிர்த்த ஞாயிறு வரைக்கும் உள்ளதெல்லாம் முன்கூட்டியே வாசிச்சுப் பதிஞ்சு முடிப்பம். படுக்கையில கிடக்கிற அதுகளை நடுவில விட ஏலாது."

சுடுதண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தபடி வாசித்தாள். சில மாலைகளில் ஒரு வசனத்துக்கே பலமுறை நின்றாள். போதும் என்று சொல்ல வாயெடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்துவேன்.

உயிர் தப்பியது. குரல் போய்விட்டது. அவள் கழுத்தில் கட்டோடு ஆசுபத்திரியில் படுத்திருந்த நாட்களிலெல்லாம், காலைதோறும் அவள் குரல் வீடுவீடாகப் போய்க்கொண்டிருந்தது. "பிள்ளை, இண்டைக்கும் வடிவா வாசிச்சனீங்கள்" என்று நிலாவெளியிலிருந்து ஓர் ஆச்சி குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதை மச்சாளுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவள் காலைத் தடவியபடி இருந்தேன்.

இப்போது நானே வாசிக்கிறேன். வாசகம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மச்சாளின் அழைப்பு வரும். எழுதி அனுப்பலாம்தான், ஆனாலும் அழைப்பாள்.

"கேட்டனீரோ மச்சாள்?"

நகத்தால் ஒரு தட்டு. அது ஓம், கேட்டுவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு தட்டென்றால் நான் அவசரப்பட்டு வாசித்திருக்கிறேன். பிறகு சந்தைக் கதை, அவள் அண்ணனின் கோபம், பிள்ளைகளின் பரீட்சை என்று எல்லாம் சொல்லுவேன். சொல்லி முடிந்த பிறகும் இருவருமே தொலைபேசியை வைப்பதில்லை. அவள் வீட்டு முற்றத்துக் காகங்கள் கேட்கும், குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். இவற்றுக்கிடையில் ஒரே ஒரு தரம் "மச்சாள்" என்று கேட்டுவிடாதா என்று, வேலைக்கு நேரம் போவது தெரிந்தும் காதை எடுக்காமல் நிற்பேன்.