மர்டர் என்றால் மறைத்த கொலை

ரங்கூன் தமிழர் வீடுகளில் அந்தக் காலத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஒரே மருந்துதான்: ஆளைக் கப்பல் ஏற்றிவிடுவது. மேஸ்திரியோடு தகராறா, பார்த்த பெண் பிடிக்கவில்லையா, போடு கப்பலில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் என் தம்பிக்கும் அதே மருந்தைத்தான் நான் கையில் எடுத்தேன்.

அவன் இன்சீனில் ரயில் பட்டறையில் வேலை பார்த்தான். முன்கோபி. எங்கள் குடும்பத்தில் அதில் யாரும் குறைச்சலில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு மீன் வாங்கப் போனவன், சட்டையெல்லாம் ரத்தமாக என் வீட்டுக்குள் ஓடிவந்தான். சம்பான் படகு ஓட்டுகிற பர்மாக்காரன் ஒருவனோடு வாய்ச்சண்டையாம். அவன் எங்கள் அம்மாவை இழுத்துப் பேசவும், இவன் துடுப்பைப் பிடுங்கித் தலையில் போட்டுவிட்டான். விழுந்தவன் அசையவே இல்லையாம்.

"செத்துட்டான்க்கா," என்றான்.

 அன்று மத்தியானம் சென்னைக்குக் கப்பல் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவனுடைய வேட்டி சட்டைகளை மூட்டை கட்டத் தொடங்கினேன்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். இங்கிலீஷ் சொற்களுக்குப் பூர்வீகம் தேடுவது அவருக்கு ஒரு பைத்தியம். சாப்பிட உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு சொல்லின் குலம் கோத்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். நான் ரசத்தை ஊற்றிப் பேச்சை மாற்றுவேன். அன்றைக்கும் மனிதர் ஆரம்பித்துவிட்டார். 'மர்டர்' என்பது மிகப் பழைய சொல்லாம். வேரைத் தோண்டிப் பார்த்தால் நம்முடைய மரணமும் அதுவும் பங்காளிகளாம். ஆதியில் எல்லாக் கொலைக்கும் அந்தப் பெயர் இல்லையாம். நாலு பேர் பார்க்க அடித்துக் கொன்றுவிட்டு, நான்தான் செய்தேன் என்று வந்து நிற்கிறவன் செய்தது வேறு. ஒளிந்திருந்து கொன்று, கொன்றதையும் மறைத்தால்தான் மர்டர். இப்போதைய சட்டம் இதையெல்லாம் பார்க்காது, தூக்கிலிருந்து தப்பலாம் என்று சொல்லவரவில்லை என்றும் அவரே சொன்னார்.

"என் தம்பி கழுத்துக்குக் கயிறு வருது. உங்களுக்கு இப்பத்தான் பாடம் நடத்தணுமா?" என்று நான் சீறினேன்.

 தம்பி நான் கட்டிய மூட்டையை ஓரமாகத் தள்ளிவைத்தான். "ஆத்திரத்துல அடிச்சது அடிச்சதுதான். கப்பல் ஏறினேன்னா ஒளிச்சதுமாயிடும்க்கா," என்றான். அத்தானைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போலீஸ் டாணாவுக்குப் புறப்பட்டான். கட்டிய புருஷனை வழியெல்லாம் சபித்துக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

டாணாவில் இருந்த ஏட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். படகுத்துறையில் செத்ததாகத் தகவல் எதுவும் இல்லை, தலை உடைந்த ஒருவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்றார். ஒரு கான்ஸ்டபிள் எங்களை அங்கே அழைத்துப் போனார். போகிற வழியில் நான் வேண்டாத சாமி இல்லை.

தலையில் பெரிய கட்டோடு அந்தச் சம்பான்காரன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுருட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள் என்று நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். தம்பியைக் கண்டதும் சண்டை எங்கள் பக்கம் திரும்பியது. பர்மிய மொழியில் எத்தனை வசவு உண்டோ அத்தனையையும் கொட்டினான். அவ்வளவு இனிப்பான வசவை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.  

தம்பி மட்டும் நம்பவில்லை. கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, அந்த மனிதனுடைய பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். அவன் திட்டுவதை நிறுத்திவிட்டான். தம்பி என் பக்கம் திரும்பி, எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வதைப்போலச் சொன்னான்:

"சூடா இருக்குக்கா."