பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

அத்தாச்சி, அந்தச் சீட்டின் ஜோடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் மிஷினில் எழுத்தைச் சுருக்கி எடுக்கும்போது ஒரே தாளில் இரண்டு நகல் விழும். ஒன்று உங்களோடு பரீட்சை ஹாலுக்குள் போனது. மற்றது கடை டிராயரில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நான்கு முனையையும் வளைவாக வெட்டியிருக்கிறேன். எதை வெட்டினாலும் முனை குத்தாமல் வெட்டுவது என் பழக்கம்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அத்தாச்சி என்போம். எங்கள் ஊர் திருவரங்குளம் பக்கம். அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நான் பத்தாவதில் கணக்கில் பெயிலாகி, அதோடு நின்றுவிட்டேன். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் ஐந்து வருஷமாக வேலை. ஐந்து வருஷமும் கல்லூரி வாசலைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஒருநாளும் உள்ளே போனதில்லை. அத்தாச்சி அந்தக் கல்லூரியில் வரலாறு படித்தவர். கல்யாணம் ஆகி வரும்போது அவருக்கு ஒரே ஒரு பேப்பர் அரியர் இருந்தது. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் மாப்பிள்ளை பெண் பெயருக்குப் பின்னால் ஏதாவது ஒரு படிப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகை மொட்டையாக இருக்கிறது என்பார்கள்.

அந்த இரண்டெழுத்து அத்தாச்சியை ரொம்ப உறுத்தியது. வந்த புதிதில் பீரோவில் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பொய்ய அடிச்சுக் குடுத்துட்டாங்க. அதை நாந்தான் நெசமாக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே அரியருக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

படிப்பதோ கடைசி நேரத்தில்தான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நான் ஞாபகப்படுத்தினால், "முன்னாடியே படிக்கிறது ஆறிப்போன தோசை மாதிரி. சூடா உள்ள போகணும், சூடா வெளிய வரணும்" என்பார். கடைசி நான்கு நாளில் வீடே பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. அரிசி டின்னில் ஒரு தாள், பிரிட்ஜ் கதவில் ஒரு தாள், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள். எல்லாவற்றையும் நான்தான் கடையில் நகல் எடுத்து வந்து ஒட்டினேன். தாளிக்கும்போது பல்லவர்களைச் சொல்லிக்கொண்டே கடுகைக் கருகவிடுவார். அம்மா கூடத்தில் இருந்தபடியே, "ஏத்தா, வரலாறு எங்கிட்டும் ஓடிப்போகாது. வெங்காயத்தைப் பாரு" என்பார். அம்மாவுக்கு அத்தாச்சி மேல் கோபமில்லை. கல்யாணமான பெண் எதற்கு மறுபடி பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை.

பரீட்சை அன்று காலை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு பாண்டியர்களைப் பற்றிக் கேள்வி கேட்டேன், அத்தாச்சி கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். கண்டக்டர் இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஒங்க ரெண்டு பேருக்கும் காசு இல்லம்மா. கூடவே ஒரு பாண்டிய ராசாவக் கூட்டிட்டு வாரீங்களே, அவரு ஆம்பள. அவருக்கு எடுக்கணும்ல" என்றார். பஸ்ஸே சிரித்தது. அத்தாச்சி கண்ணைத் திறக்காமல், "அவரு நின்னுக்கிட்டு வருவாருண்ணே, விடுங்க" என்றார்.

எல்லாப் பதிலும் வந்தது, சித்தன்னவாசல் ஓவியங்கள் மட்டும் வரவில்லை. பத்து மார்க் கேள்வி. தாமரைக் குளம் என்று ஆரம்பிப்பார், அப்புறம் நின்றுவிடுவார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றார். "போச்சு. இது கண்டிப்பா வரும் பாரு" என்றார். முகம் வாடிவிட்டது.

கடைக்கு வந்ததும் ஹால் டிக்கெட்டை நகல் எடுத்து வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் டீ குடிக்கப் போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் அதைச் செய்தேன். நோட்டில் அந்தப் பதில் இருந்த பக்கத்தை மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி, பிளாஸ்டிக் கவருக்குள் ஹால் டிக்கெட்டுக்குப் பின்னால் வைத்தேன். பரீட்சை நாளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது பெரிய தப்பாகவே தெரியவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. உள்ளே நுழையும்போது காதில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். கல்லூரி வாசலில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். எல்லாரும் செருப்பைக் கழற்றி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அத்தாச்சியும் கும்பிட்டார். கும்பிட்டுத் திரும்பி, "நீ கேட்ட கேள்வியில அஞ்சு வந்தாலும் போதும், ஒனக்கு முட்டை பப்ஸு" என்றார். அதைக் கேட்ட பிறகு சீட்டைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. கூட்டம் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டது.

ஒரு மணி நேரத்தில் வெளியே வந்தார். அழவில்லை. "தலைவலிடி, எழுத முடியல. வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். வீட்டிலும் அதையேதான் சொன்னார். அம்மா, "அதான் அப்பவே சொன்னேன்" என்றார். அண்ணன் போனில், "விடு, பெயிலானா என்ன" என்றான். எனக்கு மட்டும் சந்தேகம். ஆனால் கேட்கப் பயம். கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் குளத்தைக் கண்ணால பாத்துட்டு வருவோம் வா" என்று சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனார். மலையில் குடைந்த சின்னக் கோயில் அது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் மேலே குளம். தாமரை, மீன், யானை, பூப்பறிக்கிற ஆட்கள். பாதி அழிந்துபோயிருந்தது. இரண்டு பேரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படி நிற்கும்போதுதான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஹால் டிக்கெட்டுல கையெழுத்துப் போட சார் கவர்லேருந்து உருவுனாரு. சீட்டு கீழ விழுந்துச்சு. முனையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஒன் வெட்டுதான்னு."

நான் மேலே மீனையே பார்த்தேன்.

"நான் வக்கலன்னு சொன்னா, யாரு வச்சான்னு கேப்பாங்க. கடை எதுத்தாப்புலதான இருக்கு. ஒனக்கு வேலை போயிருக்கும். அதான் நாந்தான் வச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன்." அப்புறம், "அந்தக் கேள்வி வரவே இல்ல தெரியுமா" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. காவலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, கழுத்து புடிச்சுக்கிச்சா" என்று கேட்டார்.

அந்தப் பேப்பரை ரத்து செய்து, அடுத்த முறையும் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் போனது. அந்த ஒரு வருஷத்தை எடுத்தது நான். மறுபடி எழுத வேண்டிய நாள் நெருங்கியபோது அத்தாச்சி ஆறிய தோசையெல்லாம் பேசவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே எல்லாவற்றையும் படித்து முடித்தார். புது ஹால் டிக்கெட் வாங்கப் போன பஸ்ஸில் நான் எந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாலும் சொன்னார். குளத்தில் யானை எந்தப் பக்கம் நிற்கிறது, மீன் எங்கே இருக்கிறது என்பது வரை சொன்னார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் வீட்டில், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில். டெங்கு என்றார்கள். பரீட்சைக்கு எட்டு நாள் இருக்கும்போது இறந்துபோனார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க நான்தான் போனேன். டிசைன் செய்கிற அண்ணன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துப் பெயரை அடித்துவிட்டு, "பின்னால பி.ஏ. போட்டுடவாம்மா" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, பி.ஏ. இல்லை என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். "அந்த ரெண்டெழுத்துக்குத்தானடி அவ அம்புட்டுப் பாடுபட்டா. அதைப் போட்டா ஒனக்கு என்ன கொறஞ்சுபோச்சு" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். அத்தாச்சிக்குச் சேராத ஒன்றை அவருக்குத் தெரியாமல் அவரோடு சேர்த்து வைப்பதை நான் ஒரு தடவை செய்துவிட்டேன். இரண்டாவது தடவை செய்ய மனம் வரவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அண்ணன் இதைப் பார்த்தால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அத்தாச்சி பெயிலாகவில்லை.

கடையில் இப்போது யார் மைக்ரோ கேட்டாலும் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். ஓனருக்குக் கோபம். இன்றும் காலையில் ஒரு பெண் கேட்டாள். இல்லை என்றேன். அவள் பிள்ளையார் முன்னால் போய் நின்று, உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டே கும்பிட்டாள். டிராயரைத் திறந்து அந்தச் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினேன்.

பரீட்சைக்குப் போகிறவர்கள் எப்படியும் ஒரு நிமிஷம் நின்று கும்பிடுவீர்கள். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் அத்தாச்சியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் விளக்கு வைக்கும்போது அவருக்காக ஒரு வார்த்தை சாமியிடம் சொல்லுங்கள். கடைசியாக வாங்கிய ஹால் டிக்கெட் இன்னும் அரிசி டின் மேல்தான் இருக்கிறது. பெயர் மட்டும்தான் அதில் இருக்கிறது, பின்னால் எதுவும் இல்லை. அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியாவிட்டாலும், அத்தாச்சி என்று சொல்லிக் கும்பிட்டால் போதும்.