ஒழுகாத பலகை

என் சித்தப்பாவுக்கு இரண்டு தாரம். இளைய தாரத்துக் கடைக்குட்டி இவள், எனக்குத் தங்கை. பிறந்ததும் கடைசி, வாய்த்த வயலும் வாய்க்காலின் கடைசி. அதனால் ஊரே அவளைக் கடைமடை என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே ஞாபகம் இருக்கிறதோ என்னவோ!

ஓடையின் குறுக்கே சின்னத் தடுப்பணை எழும்பியபோது கல்லும் மண்ணும் சுமந்தது பெண்கள் சங்கம். மதகில் மரப்பலகைகளை இறக்கினால் தண்ணீர் தேங்கி வாய்க்காலில் ஏறும். உருவினால் ஓடையோடு போய்விடும். பலகை யார் பொறுப்பு என்று பேச்சு வந்தது.

“கடைசி வயக்காரி கையில இருந்தாத்தான் தண்ணி கடைசி வரைக்கும் வரும்” என்றார்கள் சங்கத்துப் பெண்கள்.

அணையை ஒட்டிய வயல் எங்கள் அத்தை மகனுடையது. அவர் துண்டை உதறினார்.

“என் வயல் ஒரு தடவை முங்குனாலும் பலகை என் கைக்கு வந்துடணும்.”

“சரி மச்சான். அதுவரைக்கும் வாய்க்கு ஒரு பலகை போட்டுக்கோங்க” என்றாள் கடைமடை.

அந்த வீறாப்பிலேயே, காய்ந்த பலகைகளைச் சந்தே இல்லாமல் அடித்து இறக்கினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துவந்து காட்டினாள். தினமும் பயறு ஊறவைக்கிறவளுக்கு, மரமும் ஊறினால் பருக்கும் என்பது தோன்றவே இல்லை.

ஒருநாள் பட்டப்பகலில் மழை கொட்டியது. ஓடை பொங்கியது. மேல் பலகையில் கயிறு கட்டி அவளும் சங்கத்துப் பெண்களும் இழுத்தார்கள்; ஊறிப் பருத்த பலகையோ அசையவில்லை. தண்ணீர் அத்தை மகனின் வரப்பை நக்கியது. அவர் குடையோடு வந்து சிரித்தார்.

“என்னடி, பலகைக்கும் உன் பிடிவாதம் வந்துருச்சா?”

“சிரிச்சு முடிச்சாச்சுன்னா கயித்தைப் பிடிங்க. முங்கப்போறது என் வயல் இல்ல மச்சான்!”

குடையை வீசிவிட்டு, பெண்களின் வரிசைக்கு வாலாக நின்று அவரும் இழுத்தார். வெடுக்கென்று பலகை பிடுங்கிக்கொண்டது. அத்தனை பேரும் சேற்றில் மல்லாந்தார்கள். எல்லோருக்கும் அடியில் அவர். ஓடை பாய்ந்தோட, வரப்போரத்துத் தண்ணீர் இறங்கியது.

மீசையெல்லாம் சேறாக எழுந்தவரிடம், “முங்குச்சா மச்சான்?” என்றாள்.

வயலைப் பார்த்தார், தன்னையும் பார்த்துக்கொண்டார். “வயல் முங்கல. நான்தான்டி முங்கிட்டேன்.”

“பேச்சுல உங்களைச் சேர்க்கலையே!”

மழை விட்டதும் மற்றப் பலகைகளையும் உருவித் தன் வீட்டுக்குச் சுமக்கக் கிளம்பினாள். அவர் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.