ஆபித் பாஷா வாய் திறந்தால்

ஆபித் பாஷா வாயைத் திறந்தால் ஆம்பூரில் பாதிப்பேர் செருப்பைத் தேடுவார்கள். யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, இறந்தவர் பெயரைத் தெருத்தெருவாகச் சொல்லி வருகிறவர் அவர். ஒரே ஒருமுறை பிரியாணிக்கடைத் திறப்புவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஜனம் மாலையோடு வந்து நின்றது. அதோடு சரி.

நல்ல மனுஷர். எந்தப் பெயரையும் தடங்கலில்லாமல் படிப்பார். சின்ன வயதில் போனவர் பெயர் வந்தால் மட்டும் தடுமாறுவார். போன ரம்ஜானுக்குப் பிறகு அப்படி மூன்று பெயர். ஒருவன் குடித்துவிட்டு பைக்கில் போனவன். மற்ற இரண்டு பேர் எப்படிப் போனார்கள் என்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாலாவது பெயர் தன் வீட்டுப் பெயராகிவிடுமோ என்பதுதான் அவர் பயம். மகன் அப்துல் சமத்துக்குப் பத்தொன்பது வயது, ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் வேலை. ஒட்டுகிற பசையை இங்கே சொல்யூஷன் என்பார்கள். சில பையன்கள் அதை முகர்ந்துவிட்டு ரயில்வே கேட் பக்கம் மயங்கிக் கிடப்பார்கள். வேறு ஊராக இருந்தால் மகன் சட்டை வாசனையை வைத்தே அப்பன் பிடித்துவிடலாம். இங்கே கம்பெனிக்குப் போகிற எல்லாச் சட்டையும் அதே வாசனைதான். ஆபித் பாஷா தினமும் கொடியில் கிடக்கிற சட்டையை மோந்து பார்ப்பார். அவருக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அந்தச் சமயத்தில்தான் உள்ளூர் கேபிள் சேனல் இரண்டும், மாலைப் பத்திரிகையும், கல்லூரி வானொலியும் சேர்ந்து போதைக்கு எதிராக ஒரே அறிவிப்பு செய்வதென்று கூடின. கூடியதும் சண்டை.

"எங்க சேனல் பொண்ணு படிக்கட்டும்."

"ஏன், எங்க ஆளுங்களுக்கு வாய் இல்லியா?"

வானொலியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற சங்கீதா தலையில் கைவைத்தாள். "இன்னாண்ணே நீங்க! குடிக்கிற பசங்க ஒரே பாட்டில்ல ஒத்துமையா குடிக்கிறானுங்க. உங்களால ஒரே மைக்ல பேச முடியாதா?"

கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத குரல் வேண்டும் என்று ஆபித் பாஷாவைப் பிடித்தார்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் ஒருத்தர் முந்திப் போட்டுவிடுவாராம். அதனால் நேரலை. உதவிக்கான போன் யார் ஆபீசில் இருப்பது என்று அதற்கும் அடிதடி. அதுவும் ஆபித் பாய் வைத்திருக்கும் மைக் செட் கடைக்கே வந்தது.

சாயங்காலம் ஆறு மணி. கம்பெனி விடுகிற நேரம். இரண்டு சேனல், வானொலி, பஜாரில் கட்டிய குழாய் எல்லாவற்றிலும் ஒரே குரல். ஆபித் பாஷா அழகாகப் படித்தார். "பெயர் கேட்க மாட்டோம். இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்" என்று முடித்தார். காகிதம் தீர்ந்தது. வாய் தீரவில்லை.

"நாளை காலை பத்து மணிக்கு நல்லடக்கம் செய்யப்படும் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஊர் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் கம்பெனி வாசலில் விசில். பூக்கடை சுந்தரமூர்த்தி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பாய், மாலை கட்ட ஆரம்பிச்சிட்டேன். யாருக்குன்னு சொல்லாம விட்டுட்டீங்களே!"

சேனல்காரர்கள் முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள். ஆபித் பாஷா கடைக்குள் போய் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். சங்கீதா டீ வாங்கப் போன நேரம் பார்த்து போன் அடித்தது. யாருமில்லாததால் அவரே எடுத்தார்.

"ஹலோ, பேரு கேக்க மாட்டீங்க இல்ல?"

சமத்தின் குரல். ஆபித் பாஷா சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டார். "கேக்க மாட்டோம்."

"என் தோஸ்த் ஒருத்தன் சொல்யூஷன் அடிக்கிறான். உன் மரண அறிவிப்புதான்டான்னு எல்லாரும் அவன கலாய்ச்சாங்க. சிரிச்சினே இருந்தவன் திடீர்னு அழுதுட்டான். விடணும்ன்றான். எங்க இட்டுனு போறது?"

"நீ?" என்றது மூக்கு.

"ரெண்டு தடவ. வாந்தி எடுத்தேன். அப்புறம் தொடல." ஒரு பெருமூச்சு. "அத்தா, மூக்க விடுங்க. மூச்சு முட்டப்போவுது."

"எப்படிடா கண்டுபுடிச்ச?"

"ஊருக்கே தெரிஞ்ச குரல் எனக்குத் தெரியாதா? தெனமும் சட்டைய மோந்து பாக்கறதுக்கு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"பயமா இருந்துச்சுடா."

"எனக்குந்தான்."

சங்கீதா வந்து பார்த்தபோது பாய் மூக்கை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை வாங்கி ஆஸ்பத்திரி டாக்டரிடம் நேரம் கேட்டாள். கிடைத்தது மறுநாள் காலை பத்து மணி. அவள் சிரித்ததில் டீ பாதி கொட்டிவிட்டது. சமத் தன் தோஸ்த் தமிழ்வேந்தனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் தன் அத்தாவையும் ஏற்றிக்கொண்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

அன்று சாயங்காலம் மறுபடி அறிவிப்பு. ஆளை மாற்றலாமா என்று கேட்டதற்கு, "மாத்தினா எவன் கேப்பான்?" என்று இரண்டு சேனலும் சொல்லிவிட்டன. இந்தத் தடவை சமத் பக்கத்தில் உட்கார்ந்து, மைக் சுவிட்சின் மேல் விரலை வைத்திருந்தான். ஆபித் பாஷா போன் எண்ணைச் சொல்லி முடித்ததும் டக்கென்று அணைத்தான்.

அவர் வாய் மட்டும் சத்தமில்லாமல் 'நாளை காலை பத்து மணிக்கு' என்பதுவரை அசைந்துவிட்டு நின்றது.