பெரிய பிள்ளை எழுதிய பெயர் அட்டைகள்

அந்த அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவள் அவள்தான். மற்றவர்கள் கல்லூரியை முடித்த கையோடு வந்த பிள்ளைகள். இவளுக்கோ பள்ளிக்கூடம் போகிற மகள் இருந்தாள். முதல் நாள் வாசலில் வந்து நின்றவளை, யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவிட வந்த தாயார் என்று காவல்காரர் நினைத்துவிட்டார். "உட்காருங்கம்மா, உங்க பிள்ளை உள்ளே போயிருக்கும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்தப் பிள்ளை நான்தாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெரிய பிள்ளை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நேருக்கு நேர் எல்லாரும் அக்கா என்றார்கள்.

அடுப்பும் தொட்டிலுமாகப் போன காலத்தைப் பற்றி அவளுக்குக் குறை எதுவும் கிடையாது. கடவுள் கொடுத்த குடும்பம், கண் நிறைந்த குடும்பம். ஆனாலும் நாலு பேரோடு நின்று ஒரு வேலையைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் சாம்பலுக்கடியில் கங்கு மாதிரி கிடந்தது. அதை ஒருநாள் கணவனிடம் சொன்னாள். அவன் பேருந்து ஓட்டுநர். எதையும் அலட்டிக்கொள்ளாமல் பேசுவான். "போயிட்டு வா. அவங்க வேணாம்னு திருப்பி அனுப்பினாலும் வீடு இங்கேயேதான் இருக்கும். நான் ஒண்ணும் ஓட்டிட்டுப் போயிட மாட்டேன்" என்றான்.

அலுவலகத்தின் வேலை விசித்திரமானது. சோஷியல் மீடியாவில் ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு தையல், தோட்டம், சைக்கிள் பழுது என்று சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். நாள் முழுக்க போனில் எழுதிப் பழகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுமில்லை. அவர்களை ஒரு கூடத்தில் கூட்டிவைத்து, தேநீர் கொடுத்து, கைகுலுக்க வைப்பதுதான் இவர்கள் வேலை. நாற்காலி போடுவதும், வருகிறவர்களை வரவேற்பதும், அவர்கள் எல்லாரும் இருக்கிற போன் குழுவில் வருகிற செய்திகளுக்குப் பதில் போடுவதும் பயிற்சிப் பிள்ளைகளின் பாடு.

பயிற்சி முடியப்போகிற நேரத்தில் ஒரு பெரிய சந்திப்பு வந்தது. அலுவலகத்தை நடத்துகிற மேடம் அவளைக் கூப்பிட்டு, "இதை நீங்களே முன்னால நின்னு நடத்துங்க. எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு, உங்களை வேலையில வச்சுக்கறதான்னு சொல்றேன்" என்றார். அன்று முதல் அவளுடைய பிரார்த்தனை கொஞ்சம் நீண்டுபோனது. மற்றதையெல்லாம் ஆண்டவன் தானே பார்த்துக்கொள்வான், இதை மட்டும் ஞாபகப்படுத்திவிடலாம் என்று அவளுக்குப் பட்டது.

வருகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டை எழுத வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் சொந்தப் பெயரையும் பக்கத்தின் பெயரையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள். அவளுக்குத் துணையாக இருந்த கண்ணாடித் தம்பி, "எந்தப் பேரை எழுதறதுக்கா?" என்று கேட்டான்.

"இது என்ன கேள்வி? பெத்தவங்க வச்ச பேரைத்தான்."

"இல்லக்கா, செடிப்பைத்தியம், ஊசிநூல், பஞ்சர் வைத்தியர்னுதான் எல்லாரும்..."

"வீடு தேடி வந்தவங்களைப் பைத்தியம்னா கூப்பிடுவாங்க? உன்னை நான் கண்ணாடின்னு கூப்பிட்டா சும்மா இருப்பியா?"

"நீங்க அப்படித்தானேக்கா கூப்பிடறீங்க" என்றான் அவன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்து முத்து முத்தாக எழுதினாள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு சின்னக் கோடு. பார்க்கிறவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

சந்திப்பு நாளில் கூடம் பளபளவென்று இருந்தது. ஜன்னல் பக்கம் தேநீர் மேசை, மூலையில் குழாய் வைத்த தண்ணீர்ப் பானை. மக்கள் திமுதிமுவென்று வந்தார்கள். அட்டையைக் குத்திக்கொண்டு, அவள் எழுத்தை இரண்டு பேர் பாராட்டவும் செய்தார்கள். அவளுக்குத் தலை கால் புரியவில்லை.

ஆனால் கூடம் பேசவில்லை.

ஒருவர் அட்டையை ஒருவர் பார்த்தார்கள். லேசாகச் சிரித்தார்கள். பிறகு தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி, போனைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இத்தனை பேர் நிற்கிற இடத்தில் தேநீர் உறிஞ்சுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மேடம் வாசலருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய பிள்ளை கண்ணாடித் தம்பியிடம் ஓடினாள்.

"என்னடா தம்பி, துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி நிக்கிறாங்க?"

"குழுவைப் பாருங்கக்கா. அங்கே ஒரே கூச்சல்" என்று போனை நீட்டினான் அவன்.

பார்த்தாள். குழுவில் செய்திகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. 'நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணோமே.' 'வைத்தியர் வரலையா?' 'யார் யாரோ நிக்கிறாங்க, பேசவே பயமா இருக்கு.' செடிப்பைத்தியம் எழுதியிருந்தார்: 'ஊசிநூல் தங்கச்சி, வந்துட்டியாம்மா? நான் தண்ணிப் பானைகிட்ட நிக்கிறேன்.' அதற்கு ஊசிநூலின் பதில்: 'நானும் அங்கேதான் இருக்கேன்கா. உங்களைத்தான் காணோம்.'

அவள் தலை நிமிர்ந்து பானையைப் பார்த்தாள். அங்கே பச்சைப் புடவை கட்டிய பருமனான அம்மா ஒருத்தர் நின்றார். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரிவாள் மாதிரி மீசை வைத்த ஆஜானுபாகுவான ஓர் ஆள். இருவரும் மும்முரமாகப் போனில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த பெயரைத் தன் கையாலேயே மூடிவைத்து, கூடிவந்த சொந்தங்களை அந்நியர்களாக்கிவிட்டாள்.

சொல்லாமல் சமாளித்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வேலை போய்விடும் என்றது மனசு. போனால் போகட்டும், வந்தவர்கள் இப்படியே திரும்பிப் போகக்கூடாது என்று மைக்கை எடுத்தாள். கடவுளே, நாக்கு குழறாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். தப்பு என்னோடது. மரியாதைன்னு நினைச்சு உங்க சொந்தப் பேரை எழுதிட்டேன். நீங்க தேடற ஆளுங்க எல்லாம் இங்கேதான் இருக்காங்க, பக்கத்துலயே நிக்கிறாங்க. தயவுசெஞ்சு அட்டையைத் திருப்புங்க. பின்பக்கம் வெறுமையா இருக்கு. உங்க பக்கத்தோட பேரை நீங்களே எழுதிக்குங்க."

ஒரு நிமிடம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேனாவைத் தேடினார்கள். கூடத்தில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய பேனாக்கள்தான். அதுவே நல்லதாகப் போயிற்று. "கொஞ்சம் குடுங்க", "எழுதிட்டுத் தரேன்" என்று கைமாற்றினார்கள். மேசையில் இடம் கிடைக்காதவர்கள் முன்னால் நின்றவர் முதுகிலேயே அட்டையை வைத்து எழுதினார்கள். "மெதுவாங்க, கூச்சமா இருக்கு" என்று நெளிந்தார் ஒருவர். எழுதி முடித்தவர் எட்டிப் பார்த்து, "அட, பஞ்சர் வைத்தியரா நீங்க? உங்க முதுகுலயா இவ்வளவு நேரம் எழுதினேன்?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தண்ணீர்ப் பானைக்கருகில் அந்த அம்மா, தன் பக்கம் திரும்பியவரின் அட்டையைப் படித்தார். மீசையைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் படித்தார்.

"ஊசிநூல்... நீயாடா அது?"

"ஆமாக்கா."

"தங்கச்சி தங்கச்சின்னு வாய் நிறையக் கூப்பிட்டேனே, ஒரு வார்த்தை சொன்னியா?"

மீசைக்காரர் தரையைப் பார்த்தார். "எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லக்கா. நீங்க அவ்வளவு ஆசையா கூப்பிடறப்போ மறுக்க மனசு வரலை."

அந்த அம்மா அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "மருதாணி வச்சுக்கோடின்னு கூடச் சொன்னேனே பாவி."

"வச்சுக்கிட்டேன்கா" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அதன் பிறகு கூடம் சந்தைக்கடையாகிவிட்டது. யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. தேநீர் தீர்ந்து இரண்டாம் முறை போட்டார்கள். கூடத்தைப் பூட்ட வந்த ஆளையே பிடித்து, "நீங்க எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்கள். "நான் பின்பக்கம்ங்க, சாவி வச்சிருக்கேன்" என்றார் அவர்.

இந்த ஆரவாரத்தின் நடுவே மேடம் அவளைக் கைகாட்டி அழைத்தார். கண்ணாடித் தம்பியும் கூடவே ஓடிவந்து, "மேடம், அட்டை விஷயத்துல நானும்தான்..." என்று ஆரம்பித்தான்.

"நீ சொன்னடா, நான்தான் கேக்கலை" என்று அவனை அடக்கினாள். "தப்பு என்னோடதுதான் மேடம். நீங்க என்ன முடிவு சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை."

மேடம் சிரித்தார். "அட்டை எல்லாத்தையும் நேத்தே பார்த்தேன். எழுத்து அழகா இருக்குன்னு நினைச்சேனே தவிர, எனக்கும் தோணலை. தோணியிருந்தாலும் மைக்கைப் பிடிச்சு என் தப்புன்னு சொல்லியிருப்பேனான்னு தெரியலை." பிறகு, "திங்கட்கிழமை வந்துடுங்க. பயிற்சிக்கு இல்லை, வேலைக்கு" என்றார்.

அவளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கும்பிட்டாள். அப்புறம் நாற்காலிகளை அடுக்கக் கிளம்பினாள். "ஆளுங்க இன்னும் உக்கார்ந்திருக்காங்கக்கா" என்று தம்பி தடுத்தான்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். மகள்தான் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி அப்பாவுக்குச் சொன்னாள். அந்தப் பக்கம் கணவனின் குரல் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம். அப்போ திங்கட்கிழமையிலேர்ந்து சமையல் யாருன்னு கேளு."

"அதை ஏன்பா அம்மாகிட்ட கேக்கணும்? எனக்கே தெரியும். நீங்கதான்" என்றாள் மகள்.