எங்கள் வீட்டு முதல் ஈடு

என் தம்பி அன்செல்ம் கூரைக்குக் கல் பலகை வேய்கிறவன். எங்கள் பள்ளத்தாக்கில் அவன் கை படாத கூரை குறைவு. வெளியில் நல்ல பெயர்தான். ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திப் பார்த்தால் தெரியும். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அந்தக் கல்லுளிமங்கனுக்கு மூன்று வேளையும் சூப் வைத்துக் கொட்டுவது என் தலையெழுத்து.

ஊருக்கு ஒரே ரொட்டி அடுப்பு. டிசம்பரில் ஒரு வாரம் எரியும். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்துக்கொண்டு, அவரவர் விறகில், வருஷம் முழுவதுக்கும் வேண்டிய ரை தானிய ரொட்டியை அந்த ஒரு வாரத்தில் சுட்டுவிட வேண்டும். சுட்டதைக் கூரைக்கடியில் சட்டத்தில் அடுக்கிக் காயவைத்தால் அடுத்த டிசம்பர்வரை வரும். முதல் ஈடு மட்டும் யாருக்கும் வேண்டாம். வருஷமெல்லாம் சில்லிட்டுக் கிடந்த கல் முதல் சூட்டையெல்லாம் தானே குடித்துவிடும். அதனால் முறைக்குச் சீட்டுக் குலுக்குவது எங்கள் வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சீட்டுக்கு வேலையே இல்லை. காரணம் என் தம்பி.

அப்பா இறந்து நாலாவது மாதம் அடுப்பின் வளைவு விரிசல் விட்டது. பிரித்துக் கட்டும் வேலையை அன்செல்மிடம் கொடுத்தார்கள். ஊர் அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை. பழைய வளைவில் கல் ஒரு சாண் தடிமன். இவன் இரண்டு சாண் வைத்தான். கூரைக்காரன் புத்தி எங்கே போகும்? கல் தடிமனாக இருந்தால்தான் பனியைத் தாங்கும் என்று பழகிய கை. அடுப்புக்குள்ளே பனியா பெய்யப்போகிறது?

அந்த டிசம்பரில் ஒரு நாள் முழுக்க எரித்தும் கல் சூடேறவில்லை. முதல் சீட்டு ஸெலி வீட்டுக்கு விழுந்திருந்தது. ஸெலி எங்கள் பக்கத்து வீடு. அன்செல்ம் போய், அவர்கள் முறையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருஷம் சீட்டுப் பையை எடுக்கும் முன்பே எழுந்து நின்று முதல் முறை எனக்கு என்றான். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பிறகு பையைக் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள்.

எங்கள் ரொட்டி வெளியே கருகியிருக்கும், நடுவில் பச்சை மாவு. ஈஸ்டர் வருவதற்குள் அந்த நடுப்பகுதி நீலம் பூத்துவிடும். நான் அதைத் தோண்டி எறிந்துவிட்டு, கருகிய மேலோட்டை வெட்டுப்பலகையில் வெட்டி, சூப்பில் ஊறவைத்து, மேலே பாலாடைக்கட்டி போட்டு மறைத்துப் பரிமாறுவேன். அன்செல்ம் தலையைக் குனிந்துகொண்டு தின்பான். சேற்றுக் கால், புகைக் குழாய், ஒழுகுகிற எங்கள் கூரை என்று நாள் தவறாமல் அவனைத் திட்டுவேன். ரொட்டியைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. அப்பா போன துக்கத்தில் கட்டியது, சொன்னால் இடிந்துபோவான் என்று முதல் வருஷம் அடக்கிக்கொண்டேன். பிறகு அதுவே பழகிவிட்டது.

இந்த நவம்பரில் சூப்பில் சரியாக ஊறாத ஒரு துண்டைக் கடித்ததில் என் கடைவாய்ப் பல் போயிற்று. மிச்சமிருப்பவை ஒன்பது. இன்னொரு வருஷம் இந்த ரொட்டியைத் தின்ன என்னால் ஆகாது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முறை பேசக் கூடினார்கள். அன்செல்ம் எழுந்திருக்குமுன் நான் எழுந்து, இந்த வருஷம் சீட்டுப் போட வேண்டும் என்றேன். எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அன்செல்ம் எப்போதும் எடுத்துக்கொள்கிறானே, அதில் அவனுக்கு ஒரு பெருமை அல்லவா என்றாள் ஸெலி. அவளுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது.

அடுப்பு மேற்பார்வை பார்க்கும் பங்க்ராஸ் சமாதானம் செய்ய வந்தார். சமாதானம் செய்யத் தெரியாத மனுஷன்.

"சீட்டெல்லாம் எதுக்கும்மா யூலாலி? அந்தக் கல்லு சூடேறத்தான் ரெண்டு நாள். ஏறிட்டா வாரம் பூரா இறங்காது. மத்த வீட்டுக்கெல்லாம் பாதி விறகு மிச்சம். முதல் ஆள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. எங்கள் விறகிலும் என் பல்லிலும் பதினோரு வீடு இருபத்திரண்டு வருஷமாகக் குளிர்காய்ந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பனிச்சறுக்குவண்டி விறகு கொண்டுவாருங்கள், இரண்டு நாள் வெறும் அடுப்பை எரித்துவிட்டு அப்புறம் முதல் ஈடு போடலாம் என்றேன். பங்க்ராஸ் தாடையைச் சொறிந்தார்.

"வெறும் அடுப்புக்கு ஊர் விறகு போடணும்னா, அடுப்புல குத்தம் இருக்குன்னு கட்டினவன் வாயால வரணும். நாங்களா எப்படிச் சொல்றது?"

எல்லாரும் அன்செல்மைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எழுந்து வெளியே போய்விடுவான், ஆயுசுக்கும் என்னோடு பேசமாட்டான் என்று நினைத்தேன். பல் போனால் போகிறது, உட்காரடா என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கல்லு தடிமன் ஜாஸ்தி. நான்தான் வச்சேன். என் தப்பு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். விறகுக்கு ஐந்தே நிமிஷத்தில் எல்லாரும் சம்மதித்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. ஐந்து நிமிஷ வேலை!

வீட்டுக்கு ஏறுகிற பாதையில் பாதி தூரத்தில் அவன் நின்றான்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்க்கா?"

"முதல் வருஷமே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ இடிஞ்சு போயிடுவேன்னுதான்."

அவன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"ஒவ்வொரு வருஷமும் நீ முதல் துண்டு வாயில வைக்கும்போது உன் மூஞ்சியவே பாப்பேன். நல்லால்லன்னு ஒரு வார்த்தை சொன்னா மறுநாளே பிரிச்சுக் கட்டிடணும்னு இருந்தேன். நீ சொல்லவே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அவனை அறையவும் கை வந்தது. இரண்டையும் செய்யாமல், விறகுக்கு யார் வண்டியை இரவல் கேட்பது என்று கேட்டேன்.