அடி விழுந்த நாளும் விழாத நாளும்

அப்பா அம்மாவை அடிப்பதற்கு எங்கள் வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கம்பத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். விடியுமுன் மலையேறினால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இறங்கிவந்து சாப்பிட உட்காருவார். சில நாள் சத்தமில்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். சில நாள் தட்டு சுவரில் போய் விழும். ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய ஃபேன் பெல்ட் ஆணியிலிருந்து இறங்கும். குடித்திருந்தாலும் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார்.

அடித்து ஓய்ந்ததும் அம்மா குப்புறப் படுத்துக்கொண்டு முதுகில் எண்ணெய் தடவச் சொல்வாள். "குழம்புல உப்புக் கூடிப்போச்சு ஆத்தா. அதான் அவுகளுக்குக் கோவம்." இன்னொரு நாள், பக்கத்து வீட்டில் நின்று பேசியதால். இன்னொரு நாள், தண்ணீர்ச் செம்பை வைக்க மறந்ததால். ஒவ்வொரு அடிக்கும் தன் பேரிலேயே ஒரு குற்றம் தயாராக வைத்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் நானும் அதை நம்பினேன். எது அவரைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அம்மாவைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் ஒரு தொழிற்சாலை வந்தது. இரண்டு இயந்திரம், கையில் ஒரு பழுதான போல்ட். இதைச் செய்தது எந்த இயந்திரம்? பழுதானதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் மொத்தம் எவ்வளவு செய்தது, அதில் எவ்வளவு கெட்டது என்று தெரிய வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. அம்மா அடி விழுந்த நாட்களை மட்டும்தான் பார்க்கிறாள். உப்புக் கூடியும் அடி விழாத நாளை அவள் எண்ணியதே இல்லை. தப்பித்தோம் என்று அதை மறந்துவிடுகிறாள்.

வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம் போட்டேன். உப்பு சரி, அடி உண்டு. உப்பு சரி, அடி இல்லை. உப்புக் கூட, அடி உண்டு. உப்புக் கூட, அடி இல்லை. அப்பா வருமுன் குழம்பை ருசி பார்ப்பேன். அவர் படுத்தபின் ஒரு கோடு போடுவேன். மாதங்கள் ஓடின. பயந்து பயந்து சமைத்ததில் அம்மாவுக்கு உப்புத் தவறவே இல்லை. கடைசி இரண்டு கட்டங்களும் நிரம்ப மாட்டேன் என்றன.

ஆகவே நானே அள்ளிப் போட்டேன். இதைச் சொல்ல இன்றும் நாக்குக் கூசுகிறது. மூன்று தடவை. முதல் இரண்டு தடவையும் மனுஷர் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கப் போனார். மூன்றாம் தடவை அந்தச் செம்பாலேயே அம்மாவின் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. அம்மா ரத்தத்தைத் துப்பிவிட்டு "உப்பு, உப்பு" என்று என்னிடம் சைகை காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நாளுக்கும் ஒரு கோடு போட்டேன். என்னை என்ன செய்தாலும் தகும்.

கணக்கு வந்துவிட்டது. உப்பு சரியாக இருந்தாலும் மூன்றில் ஒரு நாள் அடி. கூடியிருந்தாலும் மூன்றில் ஒரு நாள் அடி. அம்மா சொன்ன மற்ற காரணங்களையும் கட்டம் போட்டுப் பார்த்திருந்தேன். ஒன்றாலும் ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா திண்டின் மேலிருந்த அம்மியில் நின்றபடி தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். நான் உப்பு அள்ளிப் போட்டதையும் சொன்னேன். ஓங்கி ஒரு அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் எப்படி நடந்துக்கிட்டாலும் அடிப்பாகளா?"

"அடிப்பாகம்மா. உன் மேல தப்பே இல்ல."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன், மடச்சி. அவள் அப்படியே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "உப்பாவது என் கையில இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனேடி," என்றாள்.

ஐந்தரை மணிக்கு அப்பா வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். தட்டு சுவருக்குப் போனது, பெல்ட் இறங்கியது. எப்போதும் அம்மா குறுகி உட்கார்ந்து "இனிமே செய்ய மாட்டேங்க" என்பாள். அன்று நின்றபடியே அவரைப் பார்த்தாள். முதல் அடி கழுத்தில் விழுந்தது. அது போதாமல் கூந்தலைப் பிடித்து அம்மிப் பக்கம் இழுத்து முகத்தைத் தரையில் மோதினார். நான் பாய்ந்து அவர் தோளைக் கடித்தேன். வயிற்றில் உதைத்தார், சுருண்டு விழுந்தேன். என்னை மறுபடி மிதிக்க வலது கையை அம்மியில் ஊன்றிக் காலைத் தூக்கினார். அம்மா எழுந்து குழவியை இரண்டு கையாலும் எடுத்து அந்த மணிக்கட்டில் போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அப்பா ஊளையிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பெரியகுளத்தில் பெரியம்மா வீடு. உடுத்திய துணியோடு பஸ் ஏறினோம். உத்தமபாளையம் தாண்டும்வரை அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பஸ்ஸே எங்களைப் பார்த்தது.

"தேடி வருவாகளா?" என்றாள்.

என்னிடம் அத்தனை நாள் கோடுகள் இருந்தன. ஒரு நாளிலும் அவள் திருப்பி அடித்ததில்லை.

"தெரியலம்மா. இப்படி ஒரு நாள் இதுவரைக்கும் வந்ததே இல்ல. எதை வச்சுச் சொல்ல?"

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"வரட்டும். அந்தாளுக்கு இன்னொரு கை பாக்கி இருக்குல்ல."